பைண்டிங்கில் இருக்கும் யானை

— பேனரை இன்னும் கொஞ்சம் மேல தூக்கிக் கட்டுங்கம்மா. ‘ஊடாடும்’ தெரியுது, ‘நூலகம்’ அலமாரிக்குப் பின்னால போயிடுச்சு.

— ரெண்டுல எது தெரிஞ்சா போதும்னு நீங்கதானே சார் முடிவு பண்ணணும்.

— இந்தக் கிண்டல்தான் வேண்டாங்கறேன். ஒரு கிளை நூலகர், இயக்குநர்கிட்ட பேசற பேச்சா இது?

— ஸ்டூல் மேல நிக்கறேன் சார். உயரத்துல இருந்து பேசறதால அப்படித் தோணும். அந்தக் கயித்தை எடுத்துக் கொடுங்க. காலைல இருந்து உங்க பேனரைத்தான் கட்டிட்டு இருக்கேன், கம்ப்யூட்டர் பக்கம் கூடப் போகல.

— நட்சத்திர வாசகர் பரிசு விழாங்கறது சும்மாவா? ஒரே வார்த்தைல சொல்றேன், கேட்டுக்கோங்க. நூலகம்னா என்ன? அந்தக் காலத்துல வாசகர் வந்தார், படிச்சார், போனார். முடிஞ்சது. இப்ப? வாசகர் வர்றார். கருத்து சொல்றார். நட்சத்திரம் போடறார். இன்னொருத்தர் கருத்துக்குப் பதில் எழுதறார். விவாதிக்கிறார். மறுக்கிறார். ஏத்துக்கறார்...

— படிக்கிறார்ங்கறது விட்டுப் போச்சு சார்.

— அது... உள்ளடங்கினது.

— ஒரே வார்த்தைன்னீங்க.

— உங்ககிட்ட பேசி ஜெயிக்க முடியாது. இதென்ன, சுவத்துல வெள்ளையா ஒரு சதுரம்?

— ‘அமைதி காக்கவும்’ பலகை இருந்த இடம். வாசகர்கள் பேசணும்னு நீங்கதானே கழட்டச் சொன்னீங்க.

— ஆமா, ஆமா. பேசறாங்களா?

— எங்க பேசறாங்க? எல்லாரும் குனிஞ்சு தட்டிக்கிட்டு இருக்காங்க. பலகை இருந்தப்பவாவது அப்பப்ப ரெண்டு பேர் சண்டை போட்டாங்க.

— பேச்செல்லாம் இணையதளத்துக்குப் போயிடுச்சும்மா. அங்க பாருங்க, என்ன ஒரு துடிப்பு!

— பாத்தேன் சார். அகராதிக்கு ரெண்டு நட்சத்திரம் போட்டிருக்காங்க. ‘ஒரே போக்கா போகுது, முடிவை முதல்லயே யூகிச்சுடலாம்’னு.

— அதுவும் ஒரு பார்வைதானே?

— நீங்க எழுதின புத்தகத்துக்கு நாலு பேர் அஞ்சஞ்சு நட்சத்திரம் போட்டிருக்காங்க. நாலு பேருமே ‘ஒரே வார்த்தையில் சொன்னால்’னுதான் ஆரம்பிச்சிருக்காங்க.

— ...என் நடை அப்படி. படிக்கிறவங்களுக்குத் தொத்திக்கும்.

— அப்படியா சங்கதி.

— உங்களுக்கு மாற்றம்னாலே ஆகாது. ‘வாசகர் குரல்’னு ஒரு பக்கம் திறந்தேனே, அதைப் பத்தி ஒரு நல்ல வார்த்தை சொன்னீங்களா? எந்த வாசகர் என்ன குறை எழுதினாலும் நானே, இந்தக் கையால, தீர்த்து வைக்கிறேன். கீழ இருக்கறவங்களைக் கேக்கறது கிடையாது. கோப்பு கிடையாது. நேத்து சாயங்காலம் கூட ஒண்ணு தீர்த்தேன். உடனே நன்றின்னு பதில் வந்துடுச்சு. எனக்கு மனசே குளுந்து போச்சு.

— என்ன குறை சார்?

— அது ஏதோ சின்ன விஷயம். பெரிசா சின்னதாங்கறது முக்கியமில்ல. காது கொடுத்தோமாங்கறதுதான் முக்கியம். சரி, விழாவுக்கு வருவோம். நாற்காலியெல்லாம் ஏன் இப்படி ஓரமா கிடக்கு?

— மழை சார். அந்தப் பக்கம் கூரை ஒழுகுது. எழுதிப் போட்டேன், நீங்க பாக்கல.

— ‘வாசகர் குரல்’ல போட்டிருக்கணும்.

— நான் வாசகர் இல்லையே. சம்பளம் வாங்கறவ.

— இன்னிக்கு ஒரு நாளாவது சிரிச்ச முகமா இருங்கம்மா. நம்ம முதல் நட்சத்திர வாசகர் வரப் போறார். ‘தேடல்’! அந்தப் பேரையே பாருங்க. அவங்கவங்க ‘தங்கப் புலி’, ‘தனிமை ராஜா’ன்னு பேர் வச்சிக்கறப்ப, இந்த மனுஷன் ‘தேடல்’னு வச்சிருக்கார். தேடல் இல்லாம அறிவு ஏது?

— எதைத் தேடறார்னு கேட்டீங்களா?

— உண்மையைத்தான். வேற எதை?

— ஸ்டூலை ஆட்டாதீங்க சார்.

— நான் தொடவே இல்லையே. நீங்கதான் கயித்தை அப்படி இழுக்கறீங்க.

— அப்ப சரி. அவர் எழுதினதை நீங்க படிச்சிருக்கீங்களா? உண்மையைச் சொல்லுங்க.

— படிச்சிருக்கேனாவா? என் உரைல மேற்கோளே காட்டறேன். இருங்க, கண்ணாடி... ஹூம். தையல் கத்துக்கற புத்தகத்துக்குக் கீழ எழுதறார்: ‘இந்தப் புத்தகம் எங்க வீட்டுல இருந்துச்சு. ஒரு நாள் காலைல எழுந்து பாத்தா, காணோம்.’ அவ்வளவுதான். ரெண்டே வரி. என்ன ஒரு வலி! ஒரு தையல் புத்தகத்துல இவ்வளவு வாழ்க்கையைப் பாக்கற கண்ணு யாருக்கும்மா இருக்கு?

— அடுத்ததைப் படிங்க.

— குழந்தைக்கு ஜுரம் வந்தா வீட்டுல எப்படிப் பாத்துக்கறதுன்னு ஒரு புத்தகம். அதுக்கு எழுதறார்: ‘இதைப் படிக்கிறவங்க விளக்கை அணைக்காமலே தூங்கிடுவாங்க. தெருவுல இருந்து பாத்தா தெரியும்.’ இது கருத்தாம்மா? கவிதை!

— தெருவுல இருந்து பாத்தா தெரியும்.

— படிமம். அதைத்தான் படிமம்பாங்க.

— படிமம் எந்தத் தெருவுல சார் நிக்குது?

— உங்களுக்கு இலக்கியம் வராதுன்னா விட்டுடுங்க. வேலை தேடறவங்களுக்கான கையேட்டுக்குப் போடறார் பாருங்க: ‘எங்க போனாலும் இந்த மாதிரி புத்தகம்தானே எடுப்ப.’ முன்னிலைல எழுதறார்! புத்தகத்தோடயே பேசறார்! எத்தனை பேருக்கு வரும் இந்த நெருக்கம்?

— புத்தகத்தோட இல்ல சார். இன்னொண்ணு இருக்கே, யானைப் படப் புத்தகம். அதையும் படிங்க.

— ‘கடைசிப் பக்கம் வர்றப்ப பாப்பா கண்ணை மூடிக்கும். இப்பவும் மூடிக்குதா?’ இதை உரையோட கடைசில வச்சிருக்கேன். குழந்தைமைங்கறதை...

— மூடிக்குது.

— என்ன?

— அந்தக் குழந்தை இப்பவும் மூடிக்குது சார். கடைசிப் பக்கத்துல யானை ஆத்துல இறங்கும். அங்க வந்ததும் ரெண்டு கையாலயும் கண்ணைப் பொத்திக்கும். யானை முழுகிடுமோன்னு பயம். ஒவ்வொரு வியாழக்கிழமையும் கதை நேரத்துல நானே பாக்கறேன். ‘தேடல்’ அய்யாவுக்கு அது எப்படித் தெரியும்?

— எல்லாக் குழந்தையும் அப்படித்தான்...

— மத்தது எல்லாம் கடைசிப் பக்கத்தைக் கிழிக்கப் பாக்கும். சார், நான் கீழ இறங்கறேன். நின்னுட்டுச் சொல்ற விஷயம் இல்ல இது. அந்த நாலு புத்தகமும் ஒரே ஆள் எடுத்தது. நாலு மட்டும் இல்ல, ‘தேடல்’ கருத்து எழுதின அத்தனை புத்தகமும். ஒரு பொண்ணு. கைல ஒரு குழந்தை. நம்ம தளத்துல பேர் கட்டாயம்னு நீங்க வச்சதால, குழந்தை சொன்ன பேரை, வீட்டுல அதைக் கூப்பிடற செல்லப் பேரையே வச்சிக்கிட்டா. ‘முயல்’னு.

— ஆ, ‘முயல்’! தெரியும். நல்ல சுறுசுறுப்பான வாசகி.

— சுறுசுறுப்பு இல்ல சார். கூலி கம்மி. புத்தகம் வாங்க வழியில்ல. தையல் கடைல வேலை பாத்துட்டு, வியாழக்கிழமை மட்டும் பொண்ணைக் கூட்டிட்டு வருவா. எதுவும் வாங்காம, யாரும் ஏன் உக்காந்திருக்கேன்னு கேக்காம உக்கார அவளுக்கு ஊர்ல வேற இடம் இல்ல. புத்தகத்தை எடுக்கறா. எடுத்த அன்னிக்கே உங்க தளம் ஊருக்கெல்லாம் சொல்லுது: இந்தப் புத்தகம் ‘முயல்’ கைல இருக்கு, இந்தக் கிளை, இந்த நாள் திரும்பி வரும்.

— ‘இப்போது யார் கையில்’! அது என்னோட யோசனை. ஒரே புத்தகத்தை நேசிக்கற ரெண்டு பேர் சந்திக்கணுங்கறதுதான்...

— சந்திச்சிடுவாங்க போல.

— இழுத்து இழுத்துப் பேசாதீங்க. நேரா சொல்லுங்க.

— நேரா சொல்றேன். ‘தேடல்’ங்கறது அவ புருஷன். அவ கைல இருக்கற ஒவ்வொரு புத்தகத்துக்கும் ‘அடுத்து எனக்கு’ன்னு பேர் பதிஞ்சிருக்கார். பேர் பதிஞ்சா என்ன ஆகும்? எந்தக் கிளைக்கு, எந்த நாள் திரும்பி வருதுன்னு நாமளே அவருக்குத் தகவல் அனுப்புவோம். நானே அனுப்பியிருக்கேன் சார். ‘அன்புள்ள வாசகரே’ன்னு போட்டு. ஒரு புத்தகத்துக்கு இவ்வளவு ஆசையா ஒருத்தர் காத்திருக்கார்னு எனக்குப் பெருமை வேற. புத்தகத்தை எல்லாம் எடுத்துத் தனியா அடுக்கி வச்சேன். ஒண்ணைக் கூட வந்து வாங்கிக்கல.

— வேலை இருந்திருக்கும்.

— அவருக்குப் புத்தகம் வேண்டாம். எந்த நாள்ங்கறதுதான் வேணும்.

— இதெல்லாம் உங்க ஊகம்.

— திங்கட்கிழமை அவ தனியா வந்தா. அழலை, கத்தலை. அந்தக் கருத்தையெல்லாம் ஒவ்வொண்ணா காட்டி, ‘அக்கா, என் பேரை இதுல இருந்து எடுத்துட முடியுமா?’ன்னு கேட்டா. ‘எங்க வீட்டு விளக்கைப் பத்தி எழுதியிருக்கு அக்கா’ன்னா. மூணாவது ஊராம் இது. முதல் ஊர்ல கை ஒடிஞ்சுதாம். ரெண்டாவது ஊர்ல என்ன ஆச்சுன்னு அவ சொல்லல, நானும் கேக்கல.

— போலீசுக்குப் போகலாமே?

— போனா. புத்தகத்தைப் பத்திக் கருத்து எழுதறது குத்தமான்னு கேட்டு அனுப்பிட்டாங்க. அவங்களுக்கும் கவிதை பிடிக்கும் போல.

— இருங்க இருங்க. இது குடும்ப விவகாரம். நூலகம்ங்கறது நடுநிலை. நாளைக்கு அவர் வந்து அவர் தரப்பைச் சொன்னா?

— சார், முன்னாடி எல்லாம் புத்தகம் திரும்பி வந்ததும் முதல் வேலையா எடுத்தவங்க பேரை அடிச்சிடுவோம். அடுத்து எடுக்கறவங்களுக்குக் கூடத் தெரியாது. யார் என்ன படிச்சாங்கன்னு டாக்டர் மாதிரி வாயைத் திறக்க மாட்டோம். உங்களை யாராவது வந்து கேட்டா, நீங்க எந்தப் புத்தகம்...

— அது இருட்டுக் காலம்! எல்லாம் மறைச்சு மறைச்சு வச்சது. வெளிப்படைத்தன்மைன்னு ஒண்ணு இருக்கு.

— விளக்கைப் போட்டா எல்லாருக்கும்தான் தெரியும் சார். தேடறவனுக்கும்.

— இப்ப என்னதான் பண்ணச் சொல்றீங்க?

— அந்த ‘யார் கையில்’ஐ நிறுத்துங்க. அவ கணக்கை அழிங்க. திங்கட்கிழமையே எழுதினேன்.

— கணக்கை அழிச்சா வாசகர் எண்ணிக்கை குறையும். குறைஞ்சா மேலிடத்துக்கு நான் பதில் சொல்லணும். இதை நீங்க ஊழியர் கருத்துப் பலகைல போட்டிருந்தா, ஒரு விவாதம் நடந்து, ஒரு பொதுக்கருத்து உருவாகி...

— அந்தப் பலகையை யார் வேணா படிக்கலாம் சார். நட்சத்திர வாசகருக்கு அதுல எழுதவே அனுமதி கொடுத்திருக்கீங்க.

— அது... அது ஒரு கௌரவம்.

— விழாவையாவது தலைமையகத்துல வச்சிருக்கலாமே? இந்தச் சின்னக் கிளை எதுக்கு?

— அவரேதான் கேட்டார். ‘பெரிய மண்டபமெல்லாம் வேண்டாம், அந்தச் சின்னக் கிளைல, குழந்தைங்க கதை கேக்கற நேரத்துல, அவங்களோட ஒருத்தனா உக்காந்து வாங்கிக்கறேன்’னு எழுதினார். அந்த எளிமை! நான் என் மனைவிகிட்ட கூடச் சொன்னேன்.

— கதை நேரத்துலன்னு அவரே கேட்டாரா?

— ஆமா. இன்னொண்ணும் இருக்கு. உங்ககிட்ட இப்ப சொல்றதா வேண்டாமான்னு தெரியல.

— சொல்லுங்க.

— பரிசை யார் கையால கொடுக்கறதுன்னு ஒரு கேள்வி வந்துச்சு. மந்திரியா, எழுத்தாளரா? நான் சொன்னேன், ஒரு குழந்தை கையால! இந்தக் கிளைல அதிகமா படப் புத்தகம் எடுத்த குழந்தை யாருன்னு தளமே கண்டுபிடிச்சு, அதுவே அழைப்பும் அனுப்பிடுச்சு. மனுஷக் கையே படல.

— யாருக்கு அனுப்புச்சு?

— ‘முயல்’ங்கற கணக்குக்கு.

— அந்தக் குழந்தை கையால, அவருக்கு.

— அப்படிப் பாக்காதீங்க. எனக்கு என்ன தெரியும்? எனக்கு யாரும் சொல்லலையே!

— பரவாயில்ல சார். கயித்தைச் சுத்தி வைங்க.

— என்ன பரவாயில்ல? சிரிக்கிறீங்க?

— அவங்க வர மாட்டாங்க. அதான் சிரிக்கிறேன். நீங்க பேசறதையெல்லாம் இவ்வளவு நேரம் நான் எப்படிப் பொறுத்துக்கிட்டேன்னு நினைக்கிறீங்க?

— அழைப்பு போயிருக்கே?

— அழைப்பை அவ நம்ப மாட்டா. ஒண்ணே ஒண்ணைத்தான் நம்புவா. அதை நானும் அவளும் திங்கட்கிழமையே பேசி வச்சிக்கிட்டோம். உங்களுக்கு எழுதினா நடக்காதுன்னு தெரியும், வேற வழி பாத்தேன்.

— என்ன வழி?

— அவகிட்ட போன் கிடையாது. பயந்துகிட்டு தூக்கிப் போட்டுட்டா. வீடு எங்கன்னு நான் கேக்கல, எனக்குத் தெரியாம இருக்கறதே நல்லது. தளத்துல செய்தி அனுப்பினா ஊரே படிக்கும். ஆனா தையல் கடைல ஒரு கம்ப்யூட்டர் இருக்கு. வேலைக்கு நடுவுல நம்ம பக்கத்தைத் திறந்து ஒரு புத்தகத்தை மட்டும் பாத்துட்டு மூடிடலாம். அந்த யானைப் புத்தகத்தை.

— சரி?

— அது அலமாரில இருக்குன்னு காட்டினா, இங்க ஆபத்து இல்ல, பொண்ணைக் கூட்டிட்டு வரலாம். பைண்டிங்ல இருக்குன்னு காட்டினா, இந்தப் பக்கமே வரக் கூடாது. குழந்தைகிட்டயும் அப்படித்தான் சொல்லி வச்சிருக்கா, ‘யானைக்கு உடம்பு சரியில்ல, தையல் போட அனுப்பியிருக்காங்க, வந்ததும் போலாம்’னு. விழா அறிவிப்பு வந்த அன்னிக்கே நான் யானையை பைண்டிங்னு போட்டுட்டேன். புத்தகத்தை என் மேஜைக்குள்ள ஒளிச்சு வச்சிட்டேன். கருத்து இல்ல, நட்சத்திரம் இல்ல, ஒரு பய கண்டுபிடிக்க முடியாது. உங்க ஊடாட்டத்தை நானும் கத்துக்கிட்டேன் சார். எப்படி?

— பைண்டிங்கா?

— ஆமா.

— யானைப் புத்தகமா? அந்த... பெரிசா, நீல அட்டை போட்டு...

— அதேதான். ஏன் சார் வேர்க்குது? மின்விசிறியைப் போடட்டா?

— இல்ல, அது வந்து... நேத்து சாயங்காலம்... இருங்க, நான் ஒண்ணு யோசிச்சுப் பாக்கணும்...

— வணக்கங்க. உள்ள வரலாமுங்களா? தரையெல்லாம் ஈரமாயிடும் போல இருக்கு. கால் துடைக்க மிதியடி எங்கன்னு சொன்னீங்கன்னா...

— யாரு? வாசகர்னா சாயங்காலம் வாங்க, இப்ப வேலை நடக்குது.

— வாசகன்தானுங்க மேடம். ‘தேடல்’ங்கற பேர்ல எழுதிட்டு இருக்கேன். கொஞ்சம் சீக்கிரமே வந்துட்டேனோ?

— வாங்க... வாங்க. நான்தான் இயக்குநர். இவங்க இந்தக் கிளையோட நூலகர்.

— மேடத்தை எனக்குத் தெரியுமுங்க. செவ்வாய்க்கிழமை பாத்தேன்.

— செவ்வாய்க்கிழமை நீங்க இங்க வரலையே.

— வந்தேனுங்க. அந்த மூலை நாற்காலில உக்காந்திருந்தேன். நீங்க ஒரு பெரியவருக்குப் பத்திரிகை எடுத்துக் கொடுத்துட்டு இருந்தீங்க. தொந்தரவு பண்ண வேண்டாம்னு பொறுமையா இருந்துட்டுப் போயிட்டேன். நல்ல அமைதியான இடம். முன்னாடி சுவத்துல ஒரு பலகை இருந்திருக்கும் போல.

— நீங்க பேர் பதிஞ்ச புத்தகமெல்லாம் உங்களுக்காகவே எடுத்து அடுக்கி வச்சிருக்கேன். ஒண்ணைக் கூட வாங்கிக்க வரலையே?

— சிரமம் கொடுத்துட்டேனுங்க மேடம். எனக்குப் புத்தகம்னு இல்ல. படிச்சவங்க சௌக்கியமா இருக்காங்கன்னு தெரிஞ்சா போதும்.

— தெரிஞ்சுக்கிட்டு?

— அம்மா, விருந்தாளிகிட்ட இப்படியா...

— நீங்க சும்மா இருங்க சார். அய்யா, இன்னிக்குக் கதை நேரம் கிடையாது. குழந்தைங்க யாரும் வர மாட்டாங்க. மழை வேற. பரிசை இவர் கையால வாங்கிக்கிட்டு, வந்த வழியே போயிடுங்க.

— பரவாயில்லைங்க. நான் காத்திருக்கேன். எனக்குக் காத்திருந்து பழக்கம்.

— எவ்வளவு நேரம் வேணா இருங்க. இந்த நாற்காலில உக்காருங்க, அதுக்கு மேலதான் கூரை ஒழுகுது. யாரும் வர மாட்டாங்க.

— மேடத்துக்கு அவ்வளவு நிச்சயமா தெரியுதுங்களா?

— தெரியும்.

— சந்தோஷம். ஒரு விஷயத்துல நிச்சயமா இருக்கறவங்களைப் பாத்தா எனக்குப் பிடிக்கும். சார், உங்களுக்குத்தான் நேர்ல நன்றி சொல்லணும்னு இருந்தேன். பெரிய பதவில இருக்கறவர், என்னை மாதிரி சாதாரண ஆளோட குறையைக் கேட்டு, அன்னிக்கே தீர்த்து வச்சீங்களே.

— அதை விடுங்க... அதை அப்புறம் பேசலாம்... காபி ஏதாவது...

— எந்தக் குறை?

— ஒண்ணுமில்லம்மா, நீங்க கொஞ்சம் உள்ள போய்...

— எந்தக் குறை சார்?

— நான் சொல்றேனுங்க மேடம், ஒளிக்கறதுக்கு ஒண்ணுமில்ல. செவ்வாய்க்கிழமை நான் வந்தப்ப, உங்க மேஜை டிராயர் கொஞ்சம் திறந்திருந்துச்சு. யானைப் புத்தகம் உள்ள இருந்துச்சு. ஒரு பக்கம் கிழியல, ஒரு தையல் விடல. வீட்டுக்குப் போய்ப் பாத்தா, தளத்துல பைண்டிங்ல இருக்குன்னு போட்டிருக்கு. நல்லா இருக்கற புத்தகத்தை எதுக்கு பைண்டிங்னு போடணும்? எனக்குத் தூக்கமே வரலைங்க. யாரோ ஒரு குழந்தை அந்தப் புத்தகத்துக்காக ஏங்கிட்டு இருக்குமேன்னு. அதான் ‘வாசகர் குரல்’ல எழுதினேன்.

— சார்.

— எனக்கு எப்படிம்மா தெரியும்? ‘கிடைக்காது’ங்கற சொல்லே என் நூலகத்துல இருக்கக் கூடாதுன்னு ஒரு கொள்கை... வந்தது ஒரே ஒரு குறை... உங்களைக் கேட்டா ஒரு வாரம் ஆகும்னு நானே தளத்துக்குள்ள போய்... ஒரே வார்த்தைல சொல்லணும்னா...

— சொல்லுங்க. அந்த ஒரே வார்த்தையைத்தான் இவ்வளவு நாளா கேக்கறேன். சொல்லுங்க சார்.

— ‘அலமாரியில்.’

— நேத்து சாயங்காலத்துல இருந்தா?

— ஆமா.

— வழியை விடுங்க. அந்த வாசல் சாவி எங்க, என் மேஜைல... சார், வழியை விடுங்க! அய்யா, கொஞ்சம் தள்ளுங்க!

— பதறாதீங்க மேடம். ஸ்டூல் தடுக்கிடப் போகுது. வாசல்ல ஒரு அம்மாவும் பொண்ணும் குடையை மடக்க முடியாம நிக்கறாங்க பாருங்க, பாவம், ரெண்டு பேரும் நனையறாங்க. நீங்க உக்காருங்க, கதவை நான் திறந்து விடறேன்.